நிஜம் வேற, நியாயம் வேற: சிம் பாஸ்கெட்பால் லீக்கில் ஃப்ரீ ஏஜென்சி

1/
"நிஜ என்பிஏ-விலும் இப்படித்தானே நடக்குது?"

சிமுலேஷன் பாஸ்கெட்பால் லீக் ஆடுறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீங்க. மூணு சீசன் பொறுமையா வளர்த்த வீரர், கான்ட்ராக்ட் முடிஞ்ச மறுநாளே லாஸ் ஏஞ்சலஸ் டீமுக்குப் போயிடுவார். ஏன்னு கேட்டா, நிஜத்துல நடக்குது, அதனால இங்கேயும் நடக்கும்னு பதில் வரும். அந்தப் பதில் ஏன் போதாதுன்னு எழுதப் போறேன். இழை கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2/
பழக்கம் இல்லாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். லீக்ல 30 டீம். ஒவ்வொரு டீமுக்கும் ஒரு மேனேஜர், அதாவது உங்களையும் என்னையும் போல வேலை வெட்டி உள்ள ஒரு மனுஷன். மேட்சை எல்லாம் கம்ப்யூட்டர் ஓட்டும். டிராஃப்ட்ல ஆள் எடுக்குறது, டிரேடு பேசுறது, சம்பள வரம்புக்குள்ள கணக்கு போடுறது நம்ம பொறுப்பு. 'பாஸ்கெட்பால் ஜிஎம்' மாதிரி பிரவுசர்லயே ஓடுற இலவச கேம்ல தனியாவும் ஆடலாம். நண்பர்கள் சேர்ந்து விதிமுறை எழுதி, வருஷக்கணக்குல லீக் நடத்துறவங்களும் இருக்காங்க. நான் பேசப்போறது இந்த ரெண்டாவது வகையைப் பத்தி.

3/
ஃப்ரீ ஏஜென்சின்னா என்ன? நமக்கு ஐபிஎல் தெரியும், அங்கிருந்தே பாக்கலாம். ஐபிஎல் ஏலத்துல யார் அதிகப் பணம் சொல்றாங்களோ அவங்களுக்கு வீரர் போவார். எந்த ஊர் வேணும்னு அவரைக் கேக்க மாட்டாங்க. என்பிஏ-வில் கான்ட்ராக்ட் முடிஞ்ச வீரர் வந்திருக்கிற ஆஃபர்களைப் பார்த்துத் தானே முடிவு பண்ணுவார். பணம் குறைவா இருந்தாலும் பிடிச்ச ஊருக்குப் போகலாம், ஜெயிக்கிற டீமுக்குப் போகலாம், நண்பர் இருக்கிற இடத்துக்குப் போகலாம். தேர்வு அவரோடது.

இந்தத் தேர்வைத்தான் சிம் லீக்ல நாம காப்பி அடிக்கிறோம். ஆனா இங்கே தேர்ந்தெடுக்குறது மனுஷன் இல்ல, ஒரு ஃபார்முலா.

4/
அந்தத் தேர்வு உரிமை வீரர்களுக்குச் சும்மா வந்துடல. ஒரு காலத்துல கான்ட்ராக்ட் முடிஞ்சாலும் வீரர் அந்த டீமுக்கே கட்டுப்பட்டவர். வேற டீமோட பேசவே முடியாது. 1970-ல் வீரர்கள் சங்கத் தலைவரா இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1976-ல் சமரசம் ஆச்சு. ராபர்ட்சன் 1974-லேயே ஓய்வு பெற்றுட்டார், பலன் அடுத்த தலைமுறைக்குத்தான் கிடைச்சது. எந்தத் தடையும் இல்லாத ஃப்ரீ ஏஜென்ட்டா முதல் முதலா டீம் மாறினவர் டாம் சேம்பர்ஸ். 1988-ல் சியாட்டிலை விட்டு ஃபீனிக்ஸ் போனார்.

அதாவது ஒரு நிஜமான நோய் இருந்தது. அதுக்கு இது மருந்து.

5/
மருந்துன்னா பக்கவிளைவு இருக்கும். 2009-10 சீசன்ல கிளீவ்லேண்ட் 61 ஆட்டம் ஜெயிச்சது. லெப்ரான் ஜேம்ஸ் மயாமி போனார். அடுத்த சீசன்ல அதே கிளீவ்லேண்ட் ஜெயிச்சது 19 ஆட்டம். 2016-ல் கெவின் டுராண்ட், பிளேஆஃப்ல தன்னைத் தோற்கடிச்ச கோல்டன் ஸ்டேட் டீமிலேயே போய்ச் சேர்ந்தார். ஓக்லஹோமா சிட்டிக்குப் பதிலுக்கு ஒண்ணுமே கிடைக்கல. அந்த ஊர் ரசிகர்களுக்கு வலிச்சது உண்மை.

ஆனா அந்த வலிக்கு ஒரு அர்த்தம் இருந்தது. ஒரு மனுஷன் தான் எங்கே வேலை செய்யணும்னு தானே முடிவு பண்ணினார். நீங்களும் நானும் ஆஸ்பத்திரி மாறுறோம், கம்பெனி மாறுறோம். அதே உரிமைதான் அவருக்கும்.

6/
இப்ப சிம் லீக்குக்கு வாங்க. உங்க லீக்ல இருக்கிற பாயின்ட் கார்டு, டேட்டாபேஸ்ல ஒரு வரி. அவருக்குக் குடும்பம் இல்ல, பிடிச்ச ஊர் இல்ல. அவர் லாஸ் ஏஞ்சலஸ் போனதால எந்த ஜீவனுக்கும் சுதந்திரம் கிடைக்கல. கிடைச்சது பக்கவிளைவு மட்டும். அதை அனுபவிக்குறது நிஜமான ஒரு ஆள். ராத்திரி குழந்தையைத் தூங்கவெச்சுட்டு வந்து, எக்ஸெல்ல கணக்கு போட்டு, மூணு வருஷமா டீமைக் கட்டின மேனேஜர்.

நோயாளி இல்லாத வார்டுல மருந்து கொடுத்து, வாந்தியை மட்டும் வார்டு பாயை எடுக்கச் சொல்ற மாதிரி இருக்கு இது.

என் மொத்த வாதமும் இவ்வளவுதான்: நிஜ லீக்ல அநியாயத்தைத் தாங்கிக்கிறதுக்கு ஒரு காரணம் உண்டு. சிம் லீக்ல அந்தக் காரணம் இல்ல. அதனால இங்கே ஒவ்வொரு விதியும் 'நிஜம்'கிற சிபாரிசு இல்லாம, தன் சொந்தக் கால்ல நிக்கணும்.

7/
அப்போ எல்லா ரியலிஸத்தையும் தூக்கிடணுமா? இல்ல. எதை வெக்கணும், எதை எடுக்கணும்னு பிரிக்க எங்க தொழில்லயே ஒரு வழி இருக்கு.

மாரடைப்பு வர்ற வாய்ப்பைப் பத்திப் பேசும்போது காரணங்களை ரெண்டாப் பிரிப்போம். மாத்த முடியாதவை: வயசு, பரம்பரை. மாத்த முடிஞ்சவை: புகை, பிரஷர், சுகர், கொழுப்பு. நோயாளிகிட்ட ரெண்டாவது பட்டியலைப் பத்தித்தான் அதிகம் பேசுவோம். "உங்க அப்பாவுக்கு ஏன் மாரடைப்பு வந்தது?"ன்னு நோயாளியைத் திட்டுறதுல என்ன பிரயோஜனம்?

8/
சிம் லீக்லயும் வீரர் முடிவெடுக்கிற காரணங்களை இப்படிப் பிரிச்சுப் பாருங்க.

மேனேஜர் மாத்த முடியாதவை: ஊரோட மக்கள் தொகை, வானிலை, மாநில வருமான வரி (டெக்சஸ், ஃப்ளோரிடாவுல அது கிடையாது).

மாத்த முடிஞ்சவை: டீம் ஜெயிக்குதா, அந்த வீரருக்கு எத்தனை நிமிஷம் ஆட வாய்ப்பு, பயிற்சி வசதிக்குச் செலவு பண்றீங்களா, கொடுத்த வாக்கைக் காப்பாத்துறீங்களா, எவ்வளவு சம்பளம் தர்றீங்க.

ரெண்டாவது பட்டியலால ஒரு வீரரை இழந்தா அது பாடம். முதல் பட்டியலால இழந்தா அது பிறப்பிலேயே எழுதின தலையெழுத்து. லீக்ல சேரும்போது குலுக்கல்ல மெம்ஃபிஸ் விழுந்தவருக்கு ஆயுள் தண்டனை, நியூயார்க் விழுந்தவருக்கு ஆயுள் பென்ஷன்னு ஒரு விதி இருந்தா அதுக்குப் பேரு விளையாட்டா?

9/
"ஆனா டாக்டர், நிஜத்துல பெரிய ஊருக்குத்தானே எல்லாரும் போறாங்க?"

அதுவும் பாதி உண்மைதான். 2019-ல் டுராண்டும் கைரி இர்விங்கும் நியூயார்க் நகரத்துக்கு வந்தாங்க. ஆனா புகழ்பெற்ற நிக்ஸ் டீமுக்குப் போகல, பக்கத்துலயே இருக்கிற ப்ரூக்ளினுக்குப் போனாங்க. ரெண்டும் ஒரே ஊர், ஒரே வானிலை, ஒரே மார்க்கெட். வித்தியாசம் டீம் நடத்துற விதத்துல.

யானிஸ் அன்டெடொகும்போ 2020 டிசம்பர்ல சின்ன ஊரான மில்வாக்கியிலேயே 5 வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார், சுமார் 228 மில்லியன் டாலர். அடுத்த ஜூலையில கோப்பை. டிம் டங்கன் 2000-ல் ஆர்லாண்டோ கூப்பிட்டும் சான் ஆன்டோனியோவை விட்டுப் போகல. அந்த டீம் 1999-லிருந்து 2014-க்குள்ள 5 கோப்பை எடுத்தது.

அதாவது மார்க்கெட் அளவுக்கு மட்டும் பெரிய எடை கொடுக்குற ஃபார்முலா நியாயமும் இல்ல, நிஜமும் இல்ல.

10/
'பாஸ்கெட்பால் ஜிஎம்' கேம்ல இதைக் கொஞ்சம் யோசிச்சே வெச்சிருக்காங்க. வீரர்களோட குணத்தை நாலு வகையா வெச்சிருக்கு: பணம், வெற்றி, புகழ், விசுவாசம். ஒவ்வொருத்தருக்கும் எதுல ஆசைன்னு உங்களுக்கே தெரியும். மார்க்கெட் அளவு கணக்குல வரும், ஆனா அதோட டீமின் வெற்றி, வசதிகள், ரசிகர் ஆர்வம் எல்லாம் சேர்ந்து வரும். முதல் கான்ட்ராக்ட் முடிக்கிற இளம் வீரருக்குச் சொந்த டீம் மேல கூடுதல் சாய்வும் உண்டு.

குறை இல்லாத அமைப்புன்னு சொல்லல. ஆனா காரணம் கண்ணுக்குத் தெரியுது. எது உங்களைக் கீழே இழுக்குதுன்னு தெரிஞ்சா வைத்தியம் பாக்கலாம். லேப் ரிப்போர்ட்டே காட்டாம "உங்களுக்கு உடம்பு சரியில்ல"ன்னு மட்டும் சொன்னா என்ன பண்றது?

11/
இன்னொரு விஷயம். ரியலிஸம் பேசுறவங்க முழு ரியலிஸம் கேக்குறதே இல்ல.

2015-ல் டிஆண்ட்ரே ஜோர்டன் டல்லாஸ் டீமுக்கு வர்றேன்னு வாய்வார்த்தை கொடுத்தார். கையெழுத்துப் போட அனுமதிக்காத இடைப்பட்ட நாட்கள் அவை. அதுக்குள்ள பழைய டீமான கிளிப்பர்ஸ் ஆட்கள் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்துட்டாங்க. மனசு மாறி அங்கேயே கையெழுத்துப் போட்டார். அவரை நம்பித் திட்டம் போட்டிருந்த டல்லாஸ் ஏமாந்து நின்னது.

இதுவும் நிஜம்தான். உங்க லீக்ல 'சரி' சொன்ன வீரர், நீங்க மத்த எல்லாரையும் விட்டுட்ட பிறகு 5 சதவீத வாய்ப்புல பல்டி அடிப்பார்னு விதி எழுதலாமா? ஒருத்தர்கூடக் கை தூக்க மாட்டீங்க. ஆக நாம ஏற்கெனவே பொறுக்கித்தான் எடுக்குறோம். பொறுக்கி எடுக்கும்போது யாருக்குச் சாதகமா எடுக்குறோம்கிறதுதான் கேள்வி.

12/
அடுத்தது, நோயை மட்டும் காப்பி அடிச்சுட்டு தடுப்பூசியை விட்டுடறது. நிஜ என்பிஏ-வில் சொந்த டீமுக்குப் பாதுகாப்பு நிறைய. 1984-85-ல் சம்பள வரம்பு 3.6 மில்லியன் டாலர்னு வந்தபோதே, சொந்த வீரரைத் தக்கவெச்சுக்க வரம்பைத் தாண்டலாம்னு விலக்கு இருந்தது. லாரி பேர்டு பேர்லதான் அதை இன்னிக்கும் சொல்றாங்க. சொந்த டீம் 5 வருஷம் கொடுக்கலாம், வெளி டீம் 4 வருஷம்தான். வருடாந்திர உயர்வும் சொந்த டீமுக்கு 8 சதவீதம், வெளி டீமுக்கு 5. இளம் வீரருக்கு வெளி ஆஃபர் வந்தா அதே தொகையைக் கொடுத்துத் தக்கவெச்சுக்குற உரிமை வேற. நம்ம ஐபிஎல்-லின் ஆர்டிஎம் கார்டு மாதிரி.

"வீரர் போறது நிஜம்"னு சொல்ற லீக்ல இந்த நாலும் இருக்கான்னு பாருங்க. பல இடங்கள்ல முதல் பாதி மட்டும்தான் இருக்கும்.

13/
விதி மாறும் நேரமும் முக்கியம். 2015-16-ல் என்பிஏ சம்பள வரம்பு 70 மில்லியன் டாலர். புது டிவி ஒப்பந்தப் பணம் வந்ததும் ஒரே வருஷத்துல 94 மில்லியனுக்குத் தாவிச்சு. படிப்படியா ஏத்தலாம்னு லீக் சொன்னதை வீரர்கள் சங்கம் ஏத்துக்கல. 73 ஆட்டம் ஜெயிச்ச கோல்டன் ஸ்டேட்டுக்கு டுராண்டைச் சேர்க்க இடம் கிடைச்சது அப்படித்தான். ஸ்டீஃபன் கரி கணுக்கால் காயத்தோட அவதிப்பட்ட 2012-ல் 4 வருஷத்துக்கு 44 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டிருந்ததும் உதவிச்சு. ஒரு கணுக்கால், ஒரு டிவி ஒப்பந்தம், ஒரு சூப்பர் டீம் 🙂

நிஜத்துல அது விபத்து. சிம் லீக்ல கமிஷனர் சீசன் நடுவுல வரம்பை ஏத்தினா அது விபத்து இல்ல, கமிஷனரோட முடிவு. யாருக்கு அப்ப இடம் காலியா இருக்கோ அவருக்கு லாட்டரி.

14/
நேரம். நம்ம ஆட்களை நேரடியாப் பாதிக்கிறது இது. 2019 முதல் என்பிஏ-வில் வெளி டீம்களோட பேச்சுவார்த்தை வழக்கமா ஜூன் 30 மாலை 6 மணிக்கு, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி, தொடங்குது. நமக்கு அது மறுநாள் அதிகாலை 3.30. நிஜ டீமுக்குப் பிரச்சினை இல்ல, அங்கே ஒரு ஆபீஸே முழிச்சிருக்கும்.

சிம் லீக்லயும் அதே மாதிரி நேரம் குறிச்சு, முதல்ல வர்ற ஆஃபருக்கே வீரர்னு வெச்சா யார் ஜெயிப்பா? திறமைசாலி இல்ல. அந்த நேரத்துல தூங்காம இருக்க முடிஞ்சவர். நைட் டியூட்டியில ஐசியூ-வில் நிக்குற ஆளும், ஷிஃப்ட் வேலை பாக்குற ஆளும், கைக்குழந்தை வெச்சிருக்கிற அம்மாவும் முதல் நாளே அவுட்.

15/
இதுக்குத் தீர்வு மருத்துவத்துறையிலேயே இருக்கு. அமெரிக்காவுல மருத்துவப் படிப்பு முடிச்சவங்களை ஆஸ்பத்திரிகளோட சேர்த்துவைக்க 1952-லிருந்து 'மேட்ச்'னு ஒரு முறை நடக்குது. அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிகள் போட்டி போட்டு, படிப்பு முடியறதுக்கு ரொம்ப முன்னாடியே மாணவர்களை மடக்குற கூத்து நடந்தது. மேட்ச் வந்த பிறகு ரெண்டு பக்கமும் தங்கள் விருப்ப வரிசையை ரகசியமா கொடுத்துடுவாங்க, கம்ப்யூட்டர் பொருத்தும். இந்தக் கணக்கோட தத்துவத்தை கேலும் ஷேப்லியும் 1962-ல் எழுதினாங்க. ஆல்வின் ராத் அந்த மேட்சையே திருத்தி அமைச்சார், 1998 முதல் அது நடைமுறையில. ராத்துக்கும் ஷேப்லிக்கும் 2012-ல் பொருளாதார நோபல்.

16/
அதை சிம் லீக்குக்கு இப்படி மாத்திக்கலாம். 48 மணி நேரம் ஜன்னல் திறந்திருக்கும். ஒவ்வொரு மேனேஜரும் யார் யார் வேணும், எவ்வளவு தருவோம்னு வரிசைப்படுத்தி மூடின கவர்ல கொடுப்பார். ஜன்னல் மூடினதும் ஓட்டம் ஆரம்பிக்கும். முதல் விருப்பத்துக்கு ஆஃபர் போகும். வீரர் தனக்கு வந்ததுல நல்லதைக் கையில 'வெச்சுக்குவார்', இன்னும் முடிவு பண்ண மாட்டார். அதைவிட நல்லது வந்தா மாறுவார். கழட்டிவிடப்பட்ட டீம் அடுத்த பேருக்குப் போகும். யாரும் நகராத நிலை வந்ததும் எல்லாம் உறுதி.

இதுல பெரிய லாபம் என்ன தெரியுமா? முதல் விருப்பத்துக்கு முயற்சி பண்ணின காரணத்தாலேயே ரெண்டாவது விருப்பம் கை நழுவாது. ஆஃபர் எத்தனை மணிக்குப் போட்டீங்கங்கிறதுக்கும் மதிப்பு இல்ல.

17/
கமிஷனர் விஷயம். 2011 டிசம்பர்ல கிறிஸ் பால் லேக்கர்ஸ் டீமுக்குப் போற டிரேடை டேவிட் ஸ்டெர்ன் நிறுத்தினார். அப்ப நியூ ஆர்லியன்ஸ் டீமுக்குத் தனி முதலாளி இல்ல, லீக்கே அதை வாங்கி வெச்சிருந்தது. டீமின் சார்பா முடிவெடுத்தவரும் லீக்கின் தலைவரும் ஒரே ஆள். முடிவு சரியா தப்பான்னு இன்னிக்கும் சண்டை ஓயல. காரணம் எளிது: ஒரே ஆளுக்கு ரெண்டு தொப்பி.

நம்ம லீக்குகள்ல கமிஷனரே ஒரு டீமையும் வெச்சிருப்பார். அது தவிர்க்க முடியாது, சம்பளம் இல்லாம உழைக்கிறவருக்கு ஆட்டமும் வேணும். ஆனா வீரர் மனநிலை ஃபார்முலாவை அவர் மட்டும் பார்த்து, அவர் மட்டும் திருத்தக்கூடாது. மருந்து ஆய்வுல எந்த நோயாளிக்கு எந்த மருந்துன்னு ஆய்வாளருக்கே தெரியாம மறைப்போம். அவரைத் திருடன்னு நினைச்சு இல்ல. தெரிஞ்சா நல்லவர் கண்ணும் ஒரு பக்கம் சாயும்.

18/
இப்ப எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. "என் வீரர் என்னை விட்டுப் போகவே கூடாது"ன்னு கேக்குறவங்களும் இருக்காங்க. அது இன்னும் மோசம். யாரும் யாரையும் இழக்காத லீக்ல, முதல் டிராஃப்ட்ல அதிர்ஷ்டம் அடிச்சவர் பத்து சீசன் ராஜா. மத்த 29 பேர் பார்வையாளர். சொந்த வீரருக்கு வரம்பே இல்லாத விலக்கு கொடுத்துட்டு, அதுக்கு வரிச்சுமை எதுவும் வெக்காத லீக்குகள் இப்படித்தான் உறைஞ்சு போகுது.

வீரர் போகணும். வலிக்கவும் செய்யணும். ஆனா எதனால போனார், நான் என்ன செஞ்சிருந்தா இருந்திருப்பார்னு மேனேஜருக்குத் தெரியணும். தோல்விக்கும் அநியாயத்துக்கும் வித்தியாசம் அதுதான்.

19/
தனியா ஆடுறவங்களுக்கு இந்த இழை பொருந்தாது. உங்க லேப்டாப்ல நீங்க மட்டும் ஆடுற லீக்ல எவ்வளவு கொடுமையான விதி வேணும்னாலும் வெச்சுக்கோங்க. சின்ன ஊரை எடுத்து, எல்லாரும் ஓடிப்போக ஓடிப்போகக் கட்டி எழுப்புறதுல ஒரு சுகம் இருக்கு. பக்கவிளைவும் உங்களுக்கே, முடிவும் உங்களுதே. அது சம்மதம் கொடுத்த சிகிச்சை. பிரச்சினை, சம்மதம் கொடுக்காத இன்னொருத்தர் மேல அதை ஏத்தும்போதுதான்.

20/
என் பரிந்துரைகள் சுருக்கமா:

• மேனேஜர் மாத்த முடியாத காரணங்களுக்கு எடை சுழியம், இல்லன்னா எல்லாருக்கும் சமம். ஊர் அளவு வேணும்னா அது டிக்கெட் வருமானத்தோட நிக்கட்டும்.
• வீரர் மனநிலைக் கணக்கு எல்லாருக்கும் தெரியணும்.
• மூடின கவர், 48 மணி நேரம், முதல்ல வந்தவருக்கு முன்னுரிமை கிடையாது.
• சொந்த டீமுக்கு ஒரு வருஷம் கூடுதல், உயர்வு கொஞ்சம் கூடுதல். அதுக்கு மேல பாதுகாப்பு வேண்டாம்.
• போட்டி போட்டும் வீரரை இழந்த டீமுக்கு ரெண்டாம் சுற்றில் ஒரு டிராஃப்ட் இடம். நிஜ என்பிஏ-வில் இது இல்ல. இருக்கட்டுமே, நமக்கு வேணும்.
• எந்தப் பண விதியையும் மாத்தினா, நடைமுறை ரெண்டு சீசன் கழிச்சு.
• தகராறு வந்தா, அதுல சம்பந்தப்படாத மூணு மேனேஜர் முடிவு பண்ணணும், கமிஷனர் இல்ல.

21/
ஏன் இவ்வளவு தூரம் எழுதுறேன்? விளையாட்டுத்தானேன்னு கேப்பீங்க. நான் ஆடுற லீக்ல ஒரே சீசன்ல ரெண்டு பேர் விலகிட்டாங்க. ரெண்டு பேருமே சின்ன ஊர் டீம். ரெண்டு பேருமே நல்லா நடத்தினவங்க. ஒருத்தர் சண்டை போடல, குரூப்ல ஒரு வரி எழுதிட்டுப் போனார்: "நான் என்ன பண்ணினாலும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சு." இந்த வரியை நான் ஓபி-யிலயும் கேட்டிருக்கேன், மருந்தை நிறுத்திட்டு வர்ற நோயாளிகள்கிட்ட. முயற்சிக்கும் விளைவுக்கும் தொடர்பு இல்லன்னு தோணிடுச்சுன்னா மனுஷன் முயற்சியை விட்டுடுவான். அது ரத்த அழுத்தத்துலயும் அப்படித்தான், பாஸ்கெட்பால்லயும் அப்படித்தான்.

நம்மள்ல பல பேருக்கு நாள் முழுக்க ஓடி முடிச்ச பிறகு நண்பர்களோட பேச மிச்சம் இருக்கிற ஒரே இடம் இந்த லீக்தான். அதனாலதான்.

22/
வர்ற ஞாயிற்றுக்கிழமை எங்க லீக்ல விதி மாற்றத்துக்கு ஓட்டெடுப்பு. மார்க்கெட் எடையைச் சுழியமாக்குறதும் மூடின கவரும்தான் தீர்மானம். பெரிய ஊர் வெச்சிருக்கிறவங்க ஓட்டும் வேணும், அவங்களுக்கு இதுல உடனடி லாபம் எதுவும் கிடையாது. அவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: எதிரே ஆள் இல்லாம கோப்பை எடுத்து யார்கிட்ட காட்டப்போறீங்க?

நீங்க வேற லீக்ல இருந்தா, உங்க விதிப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு விதிக்கும் பக்கத்துல மூணு கேள்வி எழுதிப் பாருங்க. இதனால யாருக்கு நல்லது? யாருக்கு வலி? வலிக்கிறவரால இதைத் தவிர்த்திருக்க முடியுமா? மூணாவது கேள்விக்குப் பதில் "முடியாது"ன்னு வர்ற விதியைக் கமெண்ட்ல போடுங்க, பேசுவோம். இன்னிக்கு நைட் டியூட்டி, பதில் காலையிலதான் வரும் 🙏